முதல் சிரிப்பு

நகைச்சுவைக் கலைஞர் தனக்கோடி மேடையேறினால் அவர் மனைவி யசோதா முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஜோக் முடிந்ததும் முதலில் சிரிப்பது அவர் வேலை. அதைக் கேட்டுத்தான் கூட்டம் சிரிக்கும். தனக்கோடியின் ஜோக்குகளுக்கு அது தேவைப்பட்டது. 1963 சித்திரையில் யசோதா இறந்துபோனார்.

ஆவணியில், இரவு நேரப் பெங்களூரைச் சுற்றிவரும் வாராந்தர வானொலி நிகழ்ச்சி ஒன்றைத் தனக்கோடி தொடங்கினார். ஒலிப்பதிவு என் பொறுப்பு. சிவாஜிநகர் பிரியாணிக் கடை, இரண்டாம் ஆட்டம் விட்ட தியேட்டர் வாசல், ஜட்கா ஸ்டாண்டு என்று போனோம். கடைசியாகத் தொம்மலூரில், ஆளே இல்லாத பஸ் ஸ்டாப்பில் நின்று முடிவுரை பேசினார்.

மறுநாள் காலை ஸ்டுடியோவில் இருவரும் டேப்பைக் கேட்டோம். ஒவ்வொரு இடத்திலும் ஜோக் முடிந்ததும் முதலில் ஒரு பெண் சிரித்தாள். அதன் பிறகே ஆண்கள் சிரித்தார்கள். அங்கெல்லாம் பெண்கள் யாரும் இருக்கவில்லை. அந்தச் சிரிப்பை நான் நாலைந்து மேடைகளில் கேட்டிருக்கிறேன்.

"வெட்டிடட்டா, சார்?"

"வேணாம்பா. அவ இல்லன்னா ஒருத்தனும் சிரிச்சிருக்க மாட்டான்," என்றார். அவர் முகத்தில் நிம்மதிகூடத் தெரிந்தது.

டேப் தொம்மலூருக்கு வந்தது. அங்கே அவர் ஜோக் எதுவும் சொல்லவில்லை. "அடுத்த வாரம் இதே நேரம் நான் மறுபடி வருவேன்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

யசோதா சிரித்தார். பிறகு அந்தக் காலி பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரிய கூட்டமே சிரித்தது.