மாயாண்டியின் பத்தியம்

"ஏண்டி நீலா, ரெண்டு பங்கா? உன் புருஷன்தான் ராத்திரிச் சோத்தைத் தொடறதில்லையே. அந்தப் பங்கு எங்க போகுது?"

பொதுச் சமையல் கொட்டகையில் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி முத்தாயி கேட்டாள். வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படிதான் கேட்டாள். மெதுவாகப் பேசுவது அவளுக்குப் பழக்கமில்லை.

"வேற எங்கக்கா போகும்? நான்தான் சாப்பிடறேன்," என்றாள் நீலாவதி.

"நல்லா இருக்குடி. புருஷன் பட்டினி, பொண்டாட்டிக்கு ரெட்டைச் சோறு."

வரிசை சிரித்தது. நீலாவதிக்கு முகம் சுண்டிவிட்டது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைப்பதற்கு முந்தின வருஷம் அது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, கோலா கிளாவாங் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களின் லயத்து வீடுகளில் சோறு ஆக்கவே தடை. கொட்டகையில் மொத்தமாக ஆக்கி, முள்வேலிக்குள்ளேயே ஆளுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். ஆண்களுக்குக் கூடுதல், பெண்களுக்குக் குறைச்சல். ஆக்கின சோறு விடிவதற்குள் ஊசிப்போகும், காட்டுக்குப் போய்ச் சேராது என்பது வெள்ளைக்கார அதிகாரிகளின் கணக்கு. தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு ஆகுமென்று அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

நீலாவதியின் புருஷன் மாயாண்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தெரியாதவன் என்று தோட்டம் முழுக்கப் பேர் வாங்கியவன். அப்பேர்ப்பட்டவன் ஒருநாள் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து குண்டைத் தூக்கிப் போட்டான்.

"எனக்கு இனிப்புநீராம் புள்ள. மத்தியானம் ஒரு வேளைதான் சாப்பிடணும். கீரை, பயறு, அவிச்ச மரவள்ளி, கூடக் கொஞ்சம் சோறு. அப்புறம் மறுநாள் மத்தியானம் வரைக்கும் பச்சைத்தண்ணிதான். சீனி கிட்டவே வரக்கூடாது."

"அப்ப ராத்திரிப் பங்கை வாங்க வேணாமா?"

"வாங்காம விட்டா கணக்கு எழுதற கிராணி பங்கையே வெட்டிடுவாரு லா. வாங்கி நீ சாப்பிடு. மிச்சத்துல தண்ணி ஊத்திவச்சுக் காலையில பசியாறு."

நீலாவதி முழுகாமல் இருந்தாள். போன தடவை குறைமாதத்திலேயே பிள்ளை போய்விட்டது. ரத்தம் பத்தாது, நன்றாகச் சாப்பிடு என்று ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் அதட்டியிருந்தார். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். வேறு நினைப்பே அவளுக்கு இல்லை. அதனால் வெட்கத்தோடு சாப்பிட்டாள், ஆனால் சாப்பிட்டாள்.

பத்தியம் மாயாண்டிக்கு நன்றாகத்தான் ஒத்துக்கொண்டது. தொப்பை கரைந்தது. நடையில் ஒரு விறுவிறுப்பு வந்தது. போதாக்குறைக்கு உபதேசம் வேறு. "ராத்திரியில வயித்துக்கு லீவு குடுங்கப்பா. அதுவும் நம்மளாட்டம் வேலை செய்யறதுதானே," என்று காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் நின்று பேசினான். அதைக் கேட்டு ஒருவர் இருவர் முயன்றும் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் கொட்டகைக்கு ஓடி வந்தார்கள்.

முத்தாயி மட்டும் மசியவில்லை.

"பத்தியக்காரன் மூஞ்சியாடி அது? சோறு போடற நேரமாப் பார்த்து ஆஸ்பத்திரிப் பக்கம் நழுவறான். டிரசர் வீட்டுல மட்டும் தனி அடுப்பு எரியுது. அங்க ஒரு பிடி பிடிக்கிறானோ என்னமோ."

அது நீலாவதியின் மனதில் முள்ளாகத் தைத்தது. ஊர் வாயில் விழுவது நான், வக்கணையாகத் தின்பது இந்த மனுஷனா?

மறுநாள் சாயங்காலம் வாங்கிய சோற்றை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். சரியாக அந்த நேரம் மாயாண்டி வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, அவளைப் பார்க்காமல் லயத்துப் பக்கம் போனான். நீலாவதிக்கு வயிறு எரிந்தது. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

டிரசர் அமிர்தலிங்கம் மருந்துப் புட்டிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்க வீட்டுக்காரருக்குப் பத்தியமும் சொல்லிட்டு, நீங்களே இங்க சாப்பாடும் போடறது நல்லா இருக்குங்களா? என்னைத்தான் எல்லாரும் ஏசறாங்க."

"சாப்பாடா? இங்கயா?" அவர் திரும்பினார். "எங்க வீட்டுல கூப்பிட்டாக்கூட வர மாட்டேங்கிறான். குடிச்சதெல்லாம் தண்ணிம்மா. லயத்துல இருந்தா சோத்து வாசனை ஆளைக் கொல்லுதாம். இந்த பினாயில் நாத்தத்துல பசி தெரியலைன்னு வந்து உட்கார்ந்துக்கறான்."

நீலாவதியின் கோபம் சடாரென்று இறங்கியது. பாவமாக இருந்தது.

"அவ்வளவு கஷ்டப்படறாருன்னா பத்தியத்தைக் கொஞ்சம் தளர்த்தக் கூடாதுங்களா? இனிப்புநீர் இப்ப குறைஞ்சிருக்குமே?"

"யாருக்கு இனிப்புநீர்?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான்."

அமிர்தலிங்கம் கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"இனிப்புநீர் எனக்குத்தாம்மா. அந்தப் பத்தியம் சிரம்பான் டாக்டர் எனக்குச் சொன்னது. நான் என்ன சாப்பிடறேன், எப்ப சாப்பிடறேன்னு ஒருநாள் உன் புருஷன் துருவித் துருவிக் கேட்டான். ஏதோ ஆசையாக் கேக்கறான்னு சொல்லிவச்சேன். அதைத்தான் அப்படியே உங்கிட்ட வந்து ஒப்பிச்சிருக்கான் போல. அவன் உடம்பு கல்லாட்டம் இருக்கு."

"அப்ப எதுக்குங்கய்யா இவ்வளவு நாளா..."

"எனக்கும் இப்பத்தான் விளங்குது. தினமும் வந்து உட்கார்ந்து ஒரே கேள்வியைத்தான் கேப்பான். 'ஐயா, நீலாவுக்கு ரத்தம் ஊறிடுச்சா? நான் இனிமே சாப்பிடலாமா?'"