திரும்பி வராத பிரதிகள்

"எட்டாயிரம்! ஒரே ஊர்ல எட்டாயிரம் பிரதி! இப்பச் சொல்லு, உங்கண்ணன் பெரிய ஆளா, நான் பெரிய ஆளா?"

தொலைபேசியை வைத்துவிட்டு, பதிப்பாளர் நாற்காலியோடு மனைவி பக்கம் திரும்பினார். எதிர் மேசையில் அச்சுப் பிழை பார்த்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"நான் யாரையும் அளந்து பார்க்கலைங்க."

சித்திரக்கதைகளுக்கு மவுசு உச்சத்தில் இருந்த காலம். புத்தகம் வரும் நாளில், பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேராகக் கடை வாசலுக்குத்தான் ஓடுவார்கள்.

மூன்று வருடம் முன்புவரை பதிப்பாளரும் அவருடைய மச்சானும் ஒரே அச்சகத்தில் கூட்டாளிகள். அட்டையில் யார் பெயர் முதலில் வருவது என்று ஆரம்பித்த பேச்சு, முகத்தில் விழிக்க மாட்டேன் என்பதில் முடிந்தது. மச்சான் தன் 'ஆந்தைக்கண்ணன்' துப்பறியும் கதைகளை எடுத்துக்கொண்டு தெருக்கோடியில் தனி அச்சகம் போட்டார். இவர் 'சூறாவளிச் சிங்கம்' என்று ஒன்றை ஆரம்பித்தார்.

உள்ளூரில் சிங்கம் சுமார்தான். ஆனால் ரயில் ஜங்ஷன் ஊரில் ஓர் ஏஜென்ட் கிடைத்தார். மாதம் தவறாமல் எட்டாயிரம் கேட்பார். பணம் முன்கூட்டியே வந்துவிடும். விற்கவில்லை என்று ஒரு பிரதிகூடத் திரும்பி வந்ததில்லை.

"விலையைப் பாதியாக்கப் போறேன். ஆந்தை எத்தனை நாள் தாக்குப்பிடிக்குதுன்னு பார்த்துடலாம்" என்றார்.

"வேண்டாங்க. அண்ணனுக்கு ரெண்டு பொண்ணுங்க படிக்குது."

"அட்டையில என் பேரைக் கீழே தள்ளினப்ப அதெல்லாம் தெரியலையா அவருக்கு? அண்ணன் பாசத்தை வீட்டோட வெச்சுக்கோ. இது தொழில்."

விலை பாதியானது. உள்ளூர்க் கடைகளில் முதல்முறையாகச் சிங்கம் முன்வரிசைக்கு வந்தது. அடுத்த மாதம் ஆந்தைக்கண்ணனை வரைந்துகொண்டிருந்த ஓவியரைக் கூப்பிட்டு, இரட்டைச் சம்பளம் பேசித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்று மதியமே, மூன்று வருடங்களுக்குப் பிறகு, மச்சானின் குரல் தொலைபேசியில் கேட்டது.

"மாப்பிள்ளை, விலையைக் குறைச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். ஓவியரை மட்டும் விட்டுடுங்க. அவர் இல்லேன்னா ரெண்டு வீட்லயும் அடுப்பு எரியாது."

"ரெண்டு வீடா? என் வீட்டு அடுப்பு நல்லாத்தான் எரியுது மச்சான். நீங்க உங்க வீட்டைப் பாருங்க!"

"தங்கச்சி நல்லா இருக்காளா?" என்றார் மச்சான். இவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஆந்தைக்கண்ணன் இன்னும் மூன்று இதழ்கள் வந்தான். வேறொருவர் வரைந்த அவனைப் பிள்ளைகளுக்கு அடையாளமே தெரியவில்லை. நாலாவது மாதம் மச்சான் இயந்திரத்தை விற்றுவிட்டு, ஏதோ பைண்டிங் கடையில் வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள்.

பதிப்பாளர் அச்சகத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். கடைசியாகப் பெட்டியை மனைவியிடம் நீட்டினார்.

"நெஞ்சுல இறங்காதுங்க" என்றாள். அதன் பிறகு இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை.

அந்த மாதம் ஜங்ஷனிலிருந்து அழைப்பும் வரவில்லை, பணமும் வரவில்லை. தபால் தாமதமோ, உடம்பு சரியில்லையோ என்று இவரே சமாதானம் செய்துகொண்டு, வழக்கம்போல எட்டாயிரத்தையும் அச்சடித்து அனுப்பினார். பத்தாம் நாள் அத்தனை கட்டுகளும் அப்படியே திரும்பி வந்து இறங்கின. 'வேண்டாம்' என்று மேலே ஒரு சீட்டு.

அடுத்த ரயிலைப் பிடித்தார்.

ஏஜென்ட் நரைத்த தலை, குள்ள உருவம். பதிப்பாளர் என்று தெரிந்ததும் மேசையை விட்டு எழுந்து நின்றார்.

"என்னய்யா இது? மாசம் எட்டாயிரம் வித்த ஊர்ல திடீர்னு ஒண்ணுகூட வேண்டாமா? வேற யாராவது உள்ள புகுந்துட்டானா?"

ஏஜென்ட் சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார். கிடங்குக் கதவைத் திறந்தார். தரையிலிருந்து கூரைவரை சூறாவளிச் சிங்கம். கட்டின கயிறு ஒன்றுகூட அவிழ்க்கப்படவில்லை. அடியில் இருந்தவை முதல் வருடத்து இதழ்கள்.

பதிப்பாளர் ஒரு கட்டை இழுத்து, இதழின் தேதியைப் பார்த்தார்.

"விக்கவே இல்லையா? அப்புறம் எதுக்குய்யா மாசாமாசம் பணம் அனுப்பினே?"

"நான் எங்கங்க அனுப்பினேன்? சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கியிருந்தார். இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது?" ஏஜென்ட் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆந்தைக்கண்ணன் முதலாளிதாங்க அத்தனைக்கும் பணம் கட்டினார். 'என் தங்கச்சி வாழற வீடு அது, நேர்ல குடுத்தா மாப்பிள்ளை வாங்க மாட்டார்'னு சொல்வார். தங்கமான மனுஷன், அவரையே எவனோ ஒருத்தன் தொழிலை விட்டுத் துரத்திட்டானாம். யாருன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன், பேரைச் சொல்லவே மாட்டேங்கறாருங்க."