லிஃப்ட் வாசலில் பாதிப் பாட்டு

“மேடம், மூச்சை நல்லா இழுத்து விடுங்க. மெக்கானிக் வந்துக்கிட்டே இருக்கார்,” என்று லிஃப்டின் மூடிய கதவிடம் சொன்னார் வாட்ச்மேன்.

“அரை மணி நேரமா வந்துக்கிட்டேதான் இருக்கார். எனக்குப் படபடன்னு வருதுப்பா. இருட்டு வேற.”

உள்ளே மாட்டியிருந்தவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரம்மா. காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. லிஃப்ட் இரண்டாம் மாடியருகே நின்றது. அடுத்த ஐந்தாவது நிமிடம் மொத்தக் கட்டடமும் படிக்கட்டில். அதில் உதவிக்கு வந்தவர்கள் இரண்டு பேர் இருக்கலாம்.

“என்னங்க, உங்க பெட்டியைக் கொண்டாந்து வைங்களேன். அவங்க மனசு அதுல போகும். அதுக்குத்தான் கரண்டே வேணாமே,” என்றாள் பெட்டிக்காரரின் மனைவி.

படிக்கட்டு கமுக்கமாகச் சிரித்தது. பழைய கிராமபோன்களைத் தேடி வாங்கிப் பழுது பார்ப்பது பெட்டிக்காரரின் பித்து. சூட்கேஸ் போல மூடித் தூக்கிப் போகிற ரகம். வீட்டில் பத்தொன்பது இருக்கின்றன, கட்டிலுக்கடியில் மட்டும் ஏழு. ஓரளவாவது பாடுவது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்கே, ‘தொல்லை தாங்க முடியவில்லை’ என்று அடுத்த வீட்டுச் செயலாளரம்மா நான்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்.

“அவங்களுக்கா? அஞ்சாவது நோட்டீஸ் வந்துடும்டி.”

“அதை எழுதறதுக்கு அவங்க முதல்ல வெளியில வரணும்ல.”

பெட்டி வந்தது. எட்டு மாதத்துக்கு முன் அறுந்துபோன அதன் ஸ்பிரிங்கை அவரே ஒட்டுப் போட்டிருந்தார். மாற்று ஸ்பிரிங் தேடி அலைந்து ஓய்ந்தவர். இன்னொரு முறை அறுந்தால் அவ்வளவுதான். ஆகவே எண்ணிப் பத்துச் சுற்றுதான் சாவி கொடுப்பார். பாதிப் பாட்டில் பெட்டி தளரும். உடனே ஊசியைத் தூக்கிவிடுவார்.

பத்துச் சுற்று. புது ஊசி. முதலில் கரகரப்பு, பிறகு அதற்குள்ளிருந்து ஒரு பெண் பாடினாள். என்ன மொழியோ, யாருக்கும் தெரியாது. செல்போனை நோண்டிக்கொண்டிருந்த தலைகள் நிமிர்ந்தன. ஓயாமல் பேசும் தையல்காரம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. பேச்சு மட்டும் வரவில்லை.

ஊசி எழுந்தது.

“நிறுத்திட்டீங்களா?” உள்ளேயிருந்து குரல் நடுங்கியது. “மூச்சு முட்டுதே.”

மறுபடி பத்துச் சுற்று, மறுபடி பாதிப் பாட்டு. யார் காலையோ மிதித்துக்கொண்டு மெக்கானிக் லிஃப்ட் மெஷின் இருக்கும் மொட்டை மாடிக்குப் போனதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை. ஊசி எழுந்ததும் செயலாளரம்மாவுக்கு மறுபடி மூச்சு முட்டியது.

“முழுசாத்தான் போடுங்களேன் சார். ஒரு உயிர் உள்ள கிடந்து தவிக்குது,” என்றார் தையல்காரம்மா.

“ஸ்பிரிங் தாங்காதும்மா. இது ஒட்டுப் போட்டப்புறம் வாங்கின தட்டு, நானே இன்னும் முழுசாக் கேட்டதில்ல.”

“எனக்கு மயக்கம் வர்ற மாதிரி இருக்கு,” என்றது கதவு.

“போனா போகட்டுங்க. இன்னும் பதினெட்டு இருக்கு,” என்றாள் மனைவி. கிண்டலில்லாமல் அவள் பெட்டிகளை எண்ணியது அன்றுதான்.

பெட்டிக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுற்றினார். பதினொன்று. பன்னிரண்டு. உள்ளே ஏதோ டக்கென்றது; அவர் முகம் செத்தது. கை நிற்கவில்லை. பதினெட்டு. இருபத்தைந்து.

வழக்கமாக நிற்கும் இடம் வந்தது, தாண்டியும் போனது. அதற்கப்பால் அந்தக் குரல் மேலே ஏறியது. இதற்கு மேல் இடமில்லை என்று நினைத்தபோது இன்னும் ஏறியது. இப்படியொரு உயரத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டா இத்தனை நாள் பாதியில் இறங்கினோம் என்று பெட்டிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. படிக்கட்டில் ஒருவரும் அசையவில்லை.

அப்போது பார்த்துத் தடதடவென்று இறங்கி வந்தார் மெக்கானிக்.

“மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. கரண்ட் வந்தே கால் மணி நேரமாச்சு, நீங்க யாரும் பாக்கலையா? உள்ள இருக்கறவங்கதான் ஸ்டாப் ஸ்விட்சைப் போட்டு வச்சிருக்காங்க.”

எல்லாரும் கதவைப் பார்த்தார்கள்.

“உஸ்,” என்றது உள்ளேயிருந்து குரல், துளி நடுக்கம்கூட இல்லாமல். “எட்டு மாசமா தினம் சுவத்துல காதை வச்சுக்கிட்டு நிக்கறேன், பாதியிலயே நிறுத்திடறார். இன்னிக்காவது முடியட்டும்.”