கும்பிட்டுட்டு ஆரம்பிம்மா

"கொஞ்சம் நில்லுங்க டாக்டர்!"

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கோதண்டராமன் போட்ட சத்தத்தில் அந்த நர்சிங் ஹோமே திரும்பிப் பார்த்தது.

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். வந்தவர் கண்ட காட்சி அவருக்குத் தாங்கவில்லை.

ஸ்ட்ரெச்சரில் அவர் மனைவி திரௌபதி. பக்கத்துச் சுவரில் அண்ணாமலையார் படம். அதற்கு முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார் டாக்டர் மதிவதனி. முப்பது வயதுகூட இருக்காது. நெற்றியில் புதுசாக ஒரு விபூதிக் கீற்று வேறு.

கோதண்டராமன் கீழ்பென்னாத்தூரில் இயற்பியல் ஆசிரியர். 'அறிவு ஜாஸ்தியானா பக்தி கம்மியாகும். பக்தி ஜாஸ்தியானா அறிவு கம்மியாகும்' என்பது அவருடைய சொந்தச் சூத்திரம். வெளிநாட்டில் ஆராய்ச்சியே பண்ணிச் சொல்லிவிட்டார்கள் என்று எங்கோ படித்ததிலிருந்து குரல் இன்னும் ஏறியிருந்தது. திரௌபதி விளக்கேற்றும்போதெல்லாம் இதைத் தவறாமல் சொல்வார். அவளும் "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரியைத் தூண்டிவிடுவாள்.

இப்போது அந்த அறிவு கம்மியான கையிலா திரௌபதியை ஒப்படைப்பது?

"நீங்க ஆபரேஷன் பண்ணப்போறது படிச்ச படிப்பை நம்பியா, இல்ல அந்தப் படத்தை நம்பியா?"

டாக்டர் திரும்பினார். முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரல் உயரவில்லை.

"சார், அப்பெண்டிக்ஸ் எந்த நேரமும் வெடிக்கலாம். தயவுசெஞ்சு வெளிய உக்காருங்க."

"பெரிய டாக்டர் வரட்டும். இல்லன்னா நான் வேலூருக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

நர்ஸ் கஸ்தூரி குறுக்கே வந்தாள். "எப்படி சார் போவீங்க? இன்னிக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். ஊரைத் தாண்டவே பொழுது போயிடும். பெரிய டாக்டரே வர்ற வழியில கூட்டத்துல மாட்டிக்கிட்டார்."

ஸ்ட்ரெச்சரிலிருந்து திரௌபதி வலியோடு கையை ஆட்டினாள்.

"ஏங்க, சும்மா இருங்களேன். அவங்களைப் பண்ண விடுங்க."

கதவு மூடிக்கொண்டது.

கோதண்டராமன் பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். வெளியே தெரு முழுக்க 'அரோகரா' சத்தம். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. 'கண்ணை மூடிக்கிட்டு நிக்கறவ கையில கத்தியா!' என்று மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரையாவது கூப்பிட வேண்டும் போலிருந்தது. யாரைக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

ஒருவழியாகக் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது சார். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா வம்பாப் போயிருக்கும்."

கோதண்டராமன் தன்னையறியாமல் கைகூப்பிவிட்டார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. பயத்துல கத்திட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இவ்ளோ படிச்சவங்க, இவ்ளோ கெட்டிக்காரத்தனம். அப்புறம் எதுக்கு உங்களுக்கு சாமி?"

"எனக்கு ஏது சார் சாமி? படிக்கப் போனதுமே அதெல்லாம் விட்டாச்சு."

"அப்போ அந்தக் கும்பிடு?"

"உங்க வீட்டம்மாவுக்காக. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அப்படி நடுங்கறாங்க. 'பயமா இருக்கு கண்ணு. அண்ணாமலையாரைக் கும்பிட்டுட்டு ஆரம்பிம்மா'ன்னு கெஞ்சறாங்க. அவங்களே எனக்கு விபூதியும் வெச்சு விட்டாங்க. கும்பிட்டா எனக்கென்ன குறைஞ்சுடப் போவுது? கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னு தைரியம் சொன்னேன். அமைதியாயிட்டாங்க."

கோதண்டராமனுக்கு அந்தப் பெண்ணின் மேல் மரியாதை பொங்கியது. கூடவே ஒரு ரகசிய சந்தோஷமும். சூத்திரம் தப்பவில்லை! அறிவுள்ளவள் கும்பிடவில்லை. கும்பிடுவதுபோல் நடித்திருக்கிறாள், அவ்வளவுதான். பாவம், திரௌபதிதான் குழந்தைபோல ஏமாந்திருக்கிறாள்.

அவளை வார்டுக்குக் கொண்டுவந்ததும் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். சொல்லிக்காட்டத்தான் போனார். அவள் வெளுத்த முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தார்.

"ரொம்ப பயந்துட்டியா திரௌபதி?"

"எனக்கென்னங்க பயம்?" என்றாள் அவள், மெல்லிய குரலில். "அந்தப் பொண்ணுதான் பாவம். பெரிய டாக்டர் இல்லாம தனியாப் பண்றது இதான் மொத தடவைன்னு கதவுக்குப் பின்னாடி நர்ஸ்கிட்ட சொல்லிட்டிருந்துச்சு. வந்து என் கையைத் தொட்டப்போ விரலெல்லாம் ஜில்லுனு ஆடுது."

"அதுக்கு?"

"நான் பயந்து நடுங்கறாப்பல கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். அடுத்தவங்களுக்குத் தைரியம் சொல்ல ஆரம்பிச்சா நம்ம பயம் தானா ஓடிடும்ல? அதே மாதிரி, கொஞ்ச நேரத்துல அந்தக் கை ஆட்டம் நின்னுடுச்சு."

கோதண்டராமன் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"அப்போ... சாமி கும்பிடச் சொன்னது?"

"எனக்காக நான் இங்க வரும்போது பஸ்லயே கும்பிட்டு முடிச்சுட்டேனே. அது அந்தப் பொண்ணுக்காகங்க. போய் அதுகிட்ட சொல்லி வெக்காதீங்க, நாளைக்கும் அது யாருக்காவது தைரியம் சொல்லணும்."