பகலில் உறங்கும் வேலை

மழை விட்டிருக்கிறது. கண்டி வாவியின் வெளிச்சம் பள்ளிக்கூட ஜன்னல் வழியாக வந்து மேசைமேல் அசைகிறது. அங்கே தாதிப் பயிற்சிக்கான விண்ணப்பமும் கைரேகை வைக்கும் மைப்பெட்டியும் ஒரு சிலேட்டும் இருக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் அந்த வேலையின் ஒரு நாளை வட்டமாக வரைய வேண்டும் என்பது அன்னபூரணம் ரீச்சரின் வழக்கம். மாணவி அங்கம்மா வரைந்த வட்டத்தின் இரவுப் பாதியில் ‘வார்டு’ என்றும், பகல் பாதியில் ‘தூக்கம்’ என்றும் எழுதியிருக்கிறாள். சம்மதம் தருவதற்காகத் தெல்தோட்டையிலிருந்து வந்த அவளுடைய அப்பா சின்னமுத்து கதிரையின் நுனியில் அமர்ந்திருக்கிறார். ரீச்சர் சிலேட்டை வாசித்துக் காட்டுகிறார்.

“பகல்ல தூங்கி ராவுல முழிக்கிறதா? இது என்ன ஆந்தை வேலை, புள்ள!”

“இரவு வேலை இருக்கும், ஐயா. அதை மறைச்சுச் சம்மதம் வாங்க மாட்டன்” என்கிறார் ரீச்சர்.

அங்கம்மா சிலேட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.

“அம்மா போனது ராவுலதானப்பா. அன்னைக்கு ஆஸ்பத்திரியில முழிச்சிருக்க ஒருத்தரும் இல்ல.”

வாவியின் வெளிச்சம் சுவரில் ஏறுகிறது. சின்னமுத்து வட்டத்தின் இரவுப் பாதியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பிறகு பெருவிரலைத் துண்டில் நன்றாகத் துடைத்து, மைப்பெட்டியின் பக்கம் நீட்டுகிறார்.