மூன்றாவது பொத்தான்

மூன்றாவது பொத்தான் எங்கே என்று கேட்டேன்.

"இதுல கிடையாதுங்க. ரெண்டுதான்" என்றாள் என் மனைவி, மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சுவரில் விழுந்த புரொஜெக்டர் வெளிச்சத்தில் இரண்டே பொத்தான்கள். பச்சையில் 'சரி'. சிவப்பில் 'வேண்டாம்'.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கம்பெனிகளுக்கான மென்பொருள் ஒன்றை எழுதிவருகிறோம். ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்து மேயலாம், மாற்றிக்கொள்ளலாம். சம்பளம், சரக்கு இருப்பு எல்லாம் அதில் உண்டு. இல்லாதது ஒர்க்ஃப்ளோ எஞ்சின் ஒன்றுதான். ஒரு விண்ணப்பம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போக வேண்டும், அவர் சரி என்றால் எங்கே, வேண்டாம் என்றால் எங்கே என்று தள்ளிக்கொண்டு போகிற பகுதி. வெளியே இரண்டு எஞ்சின்கள் தயாராகக் கிடைக்கின்றன. இன்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

போன வருடமும் இப்படித்தான் சொன்னோம் என்பான் மீசை. எங்கள் மூன்றாவது ஆள். மீசை இப்போது கிடையாது. கொஞ்ச நாள் வைத்துப் பார்த்து எடுத்துவிட்டான், பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தத் தாமதத்துக்கு நான்தான் காரணம் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் ஓர் எண்ணம். நான் இதுவரை யாருக்கும் வேண்டாம் என்று சொன்னது கிடையாது. முகத்தில் அடித்தாற்போல் பேச எனக்கு வராது. பார்க்கலாம் என்பேன். மரியாதையான சொல். கேட்டவருக்கும் மனம் நோகாது, எனக்கும் தலை வலிக்காது.

என் மனைவிக்கும் அதையேதான் சொல்லியிருந்தேன். எங்கள் மென்பொருளை எடுத்துக்கொண்ட ஓர் ஆஸ்பத்திரி, ஒரு வருடம் அங்கேயே தங்கி அதை ஓடவைத்துத் தரச் சொல்லி அவளைக் கூப்பிட்டிருந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போக வேண்டும். போகட்டுமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். அப்புறம் சாப்பிடும்போது கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள். பார்க்கலாம், பார்க்கலாம்.

இன்று மாலைக்குள் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்து சொன்னாள். வாயில் நுரை. தலையை மட்டும் ஆட்டினேன், எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று யாருக்கும் பிடிபடாதபடி.

இப்போது முதல் எஞ்சினைச் சோதிக்க அவளே ஒரு மாதிரி விண்ணப்பத்தைத் தட்டினாள். 'வெளியூர்ப் பணி. ஒரு வருடம்.' ஒப்புதல் தர வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர்.

மீசை குனிந்து ஷூ லேஸைக் கட்டப் போனான். அவன் போட்டிருந்தது செருப்பு.

பொத்தான்களுக்குக் கீழே ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது. நிஜத்தில் சில நாள் அவகாசம் கொடுக்குமாம், சோதனைக்காக ஒரு நிமிடமாகச் சுருக்கியிருக்கிறாளாம்.

மவுஸ் என் கையில் இருந்தது. பச்சையை அழுத்தினால் இந்த வாரமே ரயில் ஏறிவிடுவாள். சிவப்பை அழுத்தினால் வருடம் முழுக்க எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவள் இல்லாத வீட்டுக்குள் சாவி போட்டுத் திறந்து நுழைவதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அம்புக்குறியை இரண்டு பொத்தான்களுக்கும் நடுவே கொண்டுபோய் வைத்தேன். அங்கே அழுத்தியும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

நேரம் முடிந்தது. திரையில் ஒரு வரி வந்தது. 'பதில் இல்லை. ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது.'

என் மனைவி அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு கைபேசியை எடுத்து எதையோ தட்டி அனுப்பிவிட்டு, மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

"இது சரிப்பட்டு வராது" என்றேன். "மனுஷன் யோசிச்சுட்டு இருக்கும்போதே இது பாட்டுக்கு முடிவெடுத்துடுது." குரல் கொஞ்சம் நடுங்கிவிட்டது. ஒரு மென்பொருளுக்காக இவ்வளவு வருத்தப்படுகிறாரே என்று மீசை என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

இரண்டாவது எஞ்சினைத் திறந்தான். நான் எத்தனையோ தடவை கேட்டிருந்ததை மறக்காமல் செய்து வைத்திருந்தான். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே மஞ்சளில் ஒரு பொத்தான். அதன்மேல் 'பார்க்கலாம்'. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இந்தத் தடவை விண்ணப்பிப்பவன் நான், பதில் சொல்ல வேண்டியவள் அவள் என்று மாற்றிவைத்தான். சும்மா ஏதாவது அடியுங்கள் என்றான். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. 'வருடம் முடிந்ததும் திரும்பி வந்துவிடு' என்று அடித்து அனுப்பினேன்.

அது அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. படித்தாள். முகத்தில் கோபமோ கேலியோ தெரியவில்லை. மிகவும் மரியாதையாக என்னை ஒருமுறை பார்த்தாள்.

மஞ்சள் பொத்தானை அழுத்தினாள்.

மீசை கை தட்டினான். "பிரமாதமா ஓடுதுண்ணா. இதுல கெடுவே கிடையாது. எத்தனை வருஷம் ஆனாலும் அப்படியே காத்துட்டு இருக்கும்."

அப்படியானால் இதையே எடுத்துக்கொள்ளலாமா என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

முதலாவதே இருக்கட்டும் என்று உடனே சொன்னேன்.