மூன்று குவியல்

சாயங்கால வெயிலில் முத்துச் சிப்பிகள் மூன்று குவியலாய்க் கிடக்கின்றன. இரண்டைச் சர்க்கார் ஆட்கள் கூடையில் அள்ளுகிறார்கள்; ஒன்றுதான் முத்துக் குளித்தவர்களுக்கு. காதோரம் ரத்தம் காய்ந்திருக்கும் கஸ்பார், தான் கடலில் முங்கும்போது படகிலிருந்து கயிறு பிடிக்கும் மைத்துனன் சூசையை நாளைய வேலைநிறுத்தத்துக்கு மன்றாடி அழைக்கிறான். “ருஷ்யாவுல கடலே சனங்களுக்குத்தான் மச்சான்.” “அங்கன சிப்பிய யாரு அள்ளுவா?” “சர்க்கார். சனங்க பேருல.” “இங்கனயும் அப்படித்தாம்ல சொல்லுதாவ. சரி, அங்கன குளிக்க மாட்டோம்னு நிக்க விடுவாவளா?” கஸ்பார் காதோரத்து ரத்தத்தைச் சுரண்டுகிறான். வேலையை விட்டவனை அங்கே சிறையில் போடுவதாகக் ருஷ்யத் துறைமுகம் போய்வந்த கப்பல்காரர் ஈஸா சொன்னதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஈக்கள் இரைகின்றன. சூசை ஈரக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போடுகிறான். “நாளைக்கு வெள்ளன வந்துரு மச்சான், முங்குற கல்லக் கட்டணும்.” கஸ்பாரின் தலை சம்மதமாய் மெல்ல அசைகிறது. சர்க்கார் குவியல்கள் கிடந்த இடத்தில் ஈர மணல் மட்டும் மினுங்குகிறது.